குறைமாதக் குழந்தையும் குறையாத நட்பும்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் தெரு முழுவதும் அறியும். கற்கண்டும் சர்க்கரையும் கைமாறும். ஆணா பெண்ணா, யார் சாயல் என்று கேள்விகள் எழும். ஞானத்தாய் யார், ஞானத்தந்தை யார் என்ற பேச்சும் உடனே தொடங்கிவிடும். ஆனால் அதே குழந்தை இரண்டு மாதம் முந்திக்கொண்டு வந்துவிட்டால் தெரு திடீரென்று ஊமையாகிவிடுகிறது. வாழ்த்துச் சொல்வதா, துக்கம் விசாரிப்பதா என்று தெரியாமல் உறவினர் தயங்குகின்றனர். பக்கத்து வீட்டார் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கின்றனர். தோழியரோ, "எல்லாம் சரியாகட்டும், பிறகு போய்ப் பார்ப்போம்" என்று நாளைத் தள்ளிப் போடுகின்றனர்.

இத்தகைய வேளையை, "அந்தக் குடும்பத்தின் விசுவாசத்துக்கு வந்த சோதனை" என்று சொல்வது நம்மிடையே வழக்கம். நாம் அப்படிக் கருதவில்லை. பெற்ற தாய் அந்நேரத்தில் சோதிக்கப்பட வேண்டியவள் அல்லள், தாங்கப்பட வேண்டியவள். சோதனை வந்திருப்பது அவளைச் சுற்றி நிற்கும் நமக்கே. ஞாயிறுதோறும் நாம் பாடுவதும் செபிப்பதும் மெய்தானா என்று அந்தச் சின்னஞ்சிறு உயிர் நம்மைக் கேட்கிறது. அக்கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதை இங்கே சிறிது எண்ணிப் பார்ப்போம்.

முதலில் செய்தியைத் தெளிவாக அறிந்துகொள்வோம். கருவில் குழந்தை முழு வளர்ச்சி பெறச் சுமார் 40 வாரங்கள் ஆகின்றன. 37 வாரங்கள் நிறையுமுன் பிறப்பதைக் குறைமாதப் பிறப்பு என்பர் மருத்துவர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. அஃதாவது பிறந்த பத்துக் குழந்தைகளில் ஒன்று. அவற்றுள் சுமார் 30 லட்சம் நம் இந்தியாவில் பிறந்தவை. ஆகவே இது எங்கோ எவருக்கோ நேரும் அபூர்வம் அன்று. இம்மலரைப் புரட்டும் மாணவியர் சிலரே இவ்வாறு பிறந்து வளர்ந்தவராக இருந்தால் அதில் வியப்பில்லை.

முந்திப் பிறந்த குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு சேர்ந்திருக்காது. எனவே தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. நுரையீரல் முதிர்ந்திருக்காது, மூச்சு விடுவதே பெரும்பாடு. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் இணைத்துச் செய்யும் திறமையும் இன்னும் வந்திராது. எளிதில் நோய் தொற்றும். "ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது" என்று நம் ஊர்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது முற்றிலும் பிழையான நம்பிக்கை. கருவில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு நன்மையே. எட்டாம் மாதத்தில் பிள்ளையைப் பெற்றுவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு தாயின் காதில் இச்சொல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை இதைச் சொல்லுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதனால்தான் நாவைக் காப்பதே நட்பின் முதற்கடமை என்கிறோம். யோபுவின் கதை நாம் அறிந்ததே. அவருக்கு வந்த துன்பத்தைக் கேள்வியுற்று மூன்று நண்பர்கள் தத்தம் ஊரிலிருந்து புறப்பட்டு வந்தனர். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்தவற்றுள் மிகச் சிறந்தது அதுவே. பிறகு வாயைத் திறந்தனர். நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினர். மௌனமாய் இருந்தவரை நண்பர்கள். பேசத் தொடங்கியதும் வழக்கறிஞர்கள்! நூலின் முடிவில் ஆண்டவர் கண்டித்தது யோபுவின் கண்ணீரை அன்று, அந்த நண்பர்களின் விளக்கத்தையே.

அவ்விளக்கம் இன்றும் நம் தெருக்களில் நடமாடுகிறது. "மாடிப்படி ஏறினாயோ? பாரம் தூக்கினாயோ? பஸ்ஸில் போகாதே என்று அன்றைக்கே சொன்னேனே!" என்று கேட்கிறோம். இரட்டைக் கரு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, நோய்த்தொற்று என்று காரணங்கள் பல இருக்கலாம். பல வேளைகளில் காரணம் இன்னதென்று மருத்துவராலேயே சொல்ல முடிவதில்லை. மருத்துவர் சொல்ல இயலாததை நாம் சொல்லத் துணிவது அறிவும் அன்று, அன்பும் அன்று. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று ஆண்டவரைக் கேட்டார்கள். இருவர் பாவமும் அன்று என்று அவர் தெளிவாகக் கூறிவிட்டார். அந்தப் பதிலைக் கேட்ட பின்னரும் நாம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கலாமா?

"எல்லாம் கடவுள் சித்தம்" என்ற சொல்லையும் நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். அதனை அந்தத் தாய் சொல்லட்டும். அவள் வாயில் அது செபம். நம் வாயில் அது தீர்ப்பு. நாம் சொல்லத்தக்கது இதனினும் எளியது: "வாழ்த்துகள்! குழந்தைக்கு என்ன பெயர்?" ஒரு கிலோ எடையே இருந்தாலும் வந்திருப்பது ஒரு மனிதப் பிறவி. அதற்கு வரவேற்புச் சொல்லாத வாய், பிறகு எத்தனை ஆறுதல் சொன்னாலும் அது குறையுடையதே.

இனி விசுவாசத்துக்கு வருவோம். கப்பர்நாகும் ஊரில் முடக்குவாதக்காரன் ஒருவனை நால்வர் கட்டிலோடு சுமந்து வந்தனர். வாசலில் கூட்டம் நெரிந்தது. அவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து அவனை உள்ளே இறக்கினார்கள். புனித மாற்கு இதைச் சொல்லும்போது, ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதுகிறார். இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டும். படுத்திருந்தவனுடைய விசுவாசம் எவ்வளவு என்று அங்கே யாரும் அளக்கவில்லை. சுமந்து வந்தவர்களின் விசுவாசம் போதுமானதாயிருந்தது.

குறைமாதக் குழந்தையைப் பெற்றவளும் அந்தக் கட்டிலில் கிடப்பவள் போன்றவளே. ஐம்பத்து மூன்று மணிச் செபத்தில் அவள் மூன்றாம் மணியிலேயே நின்றுவிடலாம். அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடியே அவள் மனம் கல்லாகிப் போயிருக்கலாம். "நீ செபித்தாயா?" என்று அவளிடம் கேட்பது தகாது. எஞ்சிய ஐம்பது மணிகளையும் நாம் சொல்லி முடிக்க வேண்டும். திருச்சபை என்பது ஒருவர் செபிக்க முடியாத நேரத்தில் அவருக்காக மற்றவர் செபிக்கும் குடும்பம் அல்லவா?

செபித்தால் மட்டும் போதுமா? ஆண்டவர் அந்நால்வரின் விசுவாசத்தை எதில் கண்டார்? கூரையைப் பிரித்த கைகளில் கண்டார். கூரை பிரிப்பது தலையில் மண் விழும் வேலை. செபமும் கைவேலையும் அவர்களிடத்தில் இரண்டாய் இருக்கவில்லை. ஆடை நழுவும் போது கை தானாகவே ஓடிச் சென்று பிடிப்பதை நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர். அந்தக் கை அறிவுரை கூறுவதில்லை, காரணம் கேட்பதில்லை, நல்ல நாள் பார்ப்பதில்லை. நட்பின் விரைவை இதனினும் நன்றாக எவர் சொல்ல இயலும்?

இந்தக் கைவேலைக்கு மருத்துவ மதிப்பும் உண்டு என்பதைப் பலர் அறியார். 1978-ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், பொகோட்டா நகரத்து மகப்பேறு மருத்துவமனையில் இன்குபேட்டர் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை வைக்க வேண்டிய நிலை. தொற்று நோயும் பரவியது. அங்கிருந்த எட்கர் ரே என்னும் மருத்துவர், குழந்தையைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் படும்படி நிமிர்த்திக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போன்ற இம்முறை, இன்று 'கங்காரு தாய் பராமரிப்பு' என்று உலகெங்கும் வழங்குகிறது. தாயின் உடற்சூடே குழந்தைக்குக் கணப்பு. அவள் பாலே உணவும் மருந்தும். பிறந்தவுடனே இம்முறையைத் தொடங்கினால் என்ன பயன் என்று இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் ஆய்வு நடத்தி 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். உடல்நிலை தேறிய பின்னர் தொடங்குவதைக் காட்டிலும், உடனே தொடங்கியதால் இறப்பு சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம், நாளொன்றுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை, எவ்வளவு கூடுமோ அவ்வளவு நேரம் குழந்தையை இவ்வாறு அணைத்திருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

எட்டு மணி நேரம்! அன்புள்ள பெற்றோர்களே, ஒரு நடுத்தர வீட்டுப் பெண்ணுக்கு எட்டு மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்திருக்க வாய்ப்பு உண்டா? உலையில் அரிசி யார் போடுவது? மூத்த பிள்ளைக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவது யார்? துணி துவைப்பது யார்? இங்கேதான் தோழி வருகிறாள். அவள் அந்த வீட்டுச் சமையலறையில் நிற்கும் ஒரு மணி நேரம், குழந்தை தாயின் மார்பில் சாய்ந்திருக்கும் ஒரு மணி நேரம். டிபன் கேரியரில் அவள் கொண்டுபோகும் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் அந்தத் தாய்க்குப் பாலாகிக் குழந்தைக்கு உயிராகிறது. தொட்டிலருகே ஒருபோதும் போகாத தோழியும் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியவர்களுள் ஒருத்தி ஆகிறாள். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

தொட்டிலருகே போகாமலிருப்பதும் நட்புதான். நோயாளிகளைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். மருத்துவமனையிலோ பார்வையாளரை உள்ளே விடுவதில்லை. இவ்விரண்டும் முரண்படுவது போலத் தோன்றும். இம்முரண்பாட்டைத் தீர்க்க ஒரு புனிதர் நமக்கு உதவுகிறார்.

புனித பிரான்சிஸ் சலேசியார் 1567-இல் சவாய் நாட்டில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தவர். மிகவும் மெலிந்த குழந்தை. அக்காலத்தில் இன்குபேட்டரும் இல்லை, பிராணவாயுக் குழாயும் இல்லை. யாரோ சிலர் இரவு பகல் பாராமல் கண்விழித்துக் காத்திருக்கத்தான் வேண்டும்.  அந்தக் குழந்தை வளர்ந்து ஆயரானார். திருச்சபையின் மறைவல்லுநர் என்று 1877-இல் அறிவிக்கப்பட்டார். 1609-இல் வெளிவந்த அவருடைய பக்தி நூலில் நட்பைப் பற்றிப் பல அதிகாரங்கள் உள்ளன. எது மெய்ந்நட்பு, எது போலிநட்பு என்று அவற்றில் ஆராய்கிறார். இரண்டு பச்சைக் குழந்தைகளையும் பின்னர் கணவரையும் இழந்த ஜேன் பிரான்சிஸ் தெ சாந்தால் என்னும் விதவைப் பெண்மணியுடன் சேர்ந்து, 1610-இல் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர், மரியன்னை எலிசபெத்தம்மாளைச் சந்தித்த நிகழ்ச்சியின் பெயர்.

செபமாலையின் இரண்டாம் சந்தோஷத் தேவ இரகசியத்தில் நாம் தியானிப்பது அதனையே. மரியன்னை குழந்தையைப் பார்க்கப் போகவில்லை. குழந்தை பிறக்குமுன்பே, வயது சென்ற ஒரு கர்ப்பிணிக்குத் துணையாகப் போனாள். ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள் என்று புனித லூக்கா எழுதுகிறார். சந்திப்பு என்பதற்கு வேதாகமம் தரும் பொருள் இது. எட்டிப் பார்த்துவிட்டு, பழப்பொட்டலத்தை வைத்துவிட்டு, "பூனைக்குட்டி அளவுதான் இருக்கிறது" என்று தெருவில் வந்து சொல்வது சந்திப்பு ஆகாது. அதற்கு வேடிக்கை என்று பெயர்.

மூன்று மாதம் என்பதையும் கவனிப்போம். குறைமாதக் குழந்தை சில வேளை பல வாரங்கள் மருத்துவமனையில் இருக்க நேரும். முதல் வாரம் எல்லாரும் விசாரிப்பர். ஐந்தாம் வாரம் யார் விசாரிக்கிறார்? பணமும் தூக்கமும் தீர்ந்துபோய், ஆறுதல் சொன்னவர்கள் தத்தம் வேலைக்குத் திரும்பிய அந்த ஐந்தாம் வாரத்தில் வருபவளே தோழி.

செய்யத் தக்கவை சிலவற்றைச் சொல்லுவோம். சளியோ இருமலோ இருந்தால் அந்த வீட்டுப் பக்கமே போகலாகாது. குழந்தையைக் கையில் வாங்க வேண்டி வந்தால், மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவ வேண்டும். முத்தமிடுவதும், தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாவில் தொட்டு வைப்பதும் கூடவே கூடாது. குழாய்கள் பொருத்திய குழந்தையின் படத்தைக் கைப்பேசியில் ஊருக்கெல்லாம் அனுப்பாதிருப்பது ஒரு புண்ணியம். மூத்த பிள்ளையை நம் வீட்டில் உட்கார்த்தி வீட்டுப் பாடம் எழுத வைக்கலாம். மருத்துவமனைக் கடைக்கும் வார்டுக்கும் அலையும் தந்தைக்கு ஒரு வாய்ச் சோறு யாரும் தருவதில்லை, அவரையும் நினைக்கலாம். தேவைப்பட்டால் நம் வீட்டு ஆண்கள் இரத்தம் கொடுக்கலாம். பால் மிகுதியாகச் சுரக்கும் தாய்மார், தாய்ப்பால் வங்கிக்கு அதைத் தானமாகத் தரலாம். நம் நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் பம்பாய் சயான் மருத்துவமனையில், மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அவர்களின் முயற்சியால் தொடங்கப்பட்டது. இன்று நம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இவ்வங்கிகள் உள்ளன. முகமறியாத பிள்ளைக்குப் பால் கொடுப்பதை விடப் பெரிய பிறரன்பு எது?

இவ்வளவு செய்தும் குழந்தை தங்காமற்போகலாம். இதைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையோடு எழுதியவர்கள் ஆகமாட்டோம். 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடிக்கு பேட்ரிக் என்ற மகன் ஐந்து வாரங்களுக்கு மேல் முந்திப் பிறந்தான். எடை சுமார் 2 கிலோ 100 கிராம். உடனே ஞானஸ்நானம் கொடுத்தனர். ஒரு வல்லரசின் மருத்துவர்கள் அத்தனை பேரும் முயன்றனர். எனினும் நுரையீரல் விரியாமையால் ஆகஸ்டு 9-ஆம் நாள் அக்குழந்தை இறந்தது. கத்தோலிக்கரான அந்தப் பெற்றோரின் விசுவாசம் குறைவுபட்டதனால் இது நேர்ந்தது என்று எவரேனும் சொல்வரா? நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் இக்குழந்தைகளிடம் குறைவு என்பதை 1959-இலேயே மேரி எலன் ஏவரி என்னும் பெண் மருத்துவர் கண்டறிந்து வெளியிட்டிருந்தார். அப்பொருளை வெளியிலிருந்து செலுத்திக் குழந்தைகளைக் காக்க முடியும் என்று ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா காட்டியது 1980-இல். இன்று அதே வாரத்தில் அதே எடையோடு பிறக்கும் குழந்தைகள், நல்ல மருத்துவ வசதி இருக்குமிடத்தில் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. அறிவியல் படிக்கும் மாணவியர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அந்த ஆராய்ச்சிக்கூடத்து உழைப்பும் இறைவனுக்கு உகந்த தொண்டே.

எனவே வேண்டுதலை ஒரு பேரமாக ஆக்கிவிட வேண்டாம். "மாதாவுக்கு நேர்ந்துகொண்டால் பிழைத்துவிடும்" என்று சொல்லிவிட்டால், பிழைக்காதபோது அந்தத் தாய் மாதாவின் முன் குற்றவாளியாக நிற்பாள். நாம் செபிப்பது கணக்குத் தீர்ப்பதற்காக அன்று. அவளைத் தனியே விடாமலிருப்பதற்காக. உயிருக்கு ஆபத்தான நேரத்தில், குருவானவர் இல்லாவிடில், திருச்சபையின் கருத்துப்படி செய்யும் எண்ணமுடைய எவரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது. அதற்கும் நேரமின்றிப் போய்விட்டால், "ஐயோ, அந்த ஆன்மா என்ன ஆகுமோ" என்று யாரும் அழவைக்க வேண்டாம். அத்தகைய குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்து நம்பிக்கையோடிருக்கவே திருச்சபை நமக்குப் போதிக்கிறது. "இன்னொன்று பிறக்கும்" என்ற சொல்லும் வேண்டாம். அதன் பெயரைச் சொல்லி, அதன் நாளை அடுத்த ஆண்டும் நினைவில் வைத்திருந்து ஒரு திருப்பலிக்குக் கொடுக்கும் தோழியே அந்தத் தாயின் கண்ணீரை அறிந்தவள்.

"பள்ளிச் சிறுமிகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். அவர்களுக்கு நைல் நதிக் கரையைக் காட்டுவோம். நாணற்பெட்டியில் கிடந்த பச்சைக் குழந்தை மோசேயைத் தொலைவில் நின்று காவல் காத்தவள் யார்? அவனுடைய அக்காள், ஒரு சிறுமி. அவள் பெட்டியருகே நின்று அழுது கூட்டம் சேர்க்கவில்லை. கண்ணை எடுக்காமல் நின்றாள். அரசகுமாரி வந்ததும், தக்க சமயத்தில் தக்க சொல் ஒன்று சொல்லி, குழந்தையைப் பெற்ற தாயின் மார்புக்கே திரும்பச் சேர்த்தாள். தள்ளி நிற்க வேண்டிய இடத்தில் தள்ளி நிற்பதும், பேச வேண்டிய நேரத்தில் பேசுவதும், குழந்தையைத் தாயின் மார்பில் சேர்ப்பதும் ஆகிய மூன்றையும் ஒரு சிறுமியே செய்து முடித்துவிட்டாள்.

அன்புத் தோழியரே! நாளை நம் ஆசிரியை ஒருவர் வீட்டிலோ, பக்கத்து வீட்டு அக்காள் வீட்டிலோ, நம் சொந்த வீட்டிலோ ஒரு குழந்தை அவசரமாக வந்து சேரலாம். அதற்கு மாதங்கள் குறைந்திருக்கலாம். நம் அன்பில் ஒரு நாளும் குறையலாகாது. கையைக் கழுவிக்கொண்டு, நாவைக் காத்துக்கொண்டு, செபமாலையை ஒரு கையிலும் டிபன் கேரியரை மறு கையிலும் எடுத்துக்கொண்டு புறப்படுவோம். ஐந்தாம் வாரமும் புறப்படுவோம்.